நாளைக்கும் இருக்கிற கம்பெனி

பைலட் வேலைக்கு ஒரு கடிதம் வருவதே குதிரைக்கொம்பாக இருந்த காலம் அது. அவளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு வந்தன. செவ்வாய்க்கிழமை ஒன்று, வெள்ளிக்கிழமை ஒன்று. பயிற்சிப் பள்ளியில் அவளோடு படித்தவர்களில் பாதிப் பேர் லைசென்ஸைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, கிடைத்த வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். அவளுக்கு மட்டும் எதை எடுப்பது, எதை விடுவது என்று திண்டாட்டம். "குடுத்து வெச்சவடி நீ" என்று தோழிகள் போனில் சொன்னார்கள். அவளும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தாள்.

அப்பா அரசாங்க பஸ் டிரைவர். டிப்போவிலிருந்து வந்ததும் கைகால் கழுவி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு கடிதங்களையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படித்தார். ஒன்று, இருநூறு விமானங்களுக்கு மேல் வைத்திருக்கும் பெரிய நிறுவனம். அரசாங்கத்துக்கும் அதில் பங்கு உண்டு. இன்னொன்று தொடங்கி ஆறே வருஷமான சின்னக் கம்பெனி. மொத்தமே பதினோரு விமானம்.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?" என்று பெரிய நிறுவனத்தின் கடிதத்தை ஒரு விரலால் அவள் பக்கம் தள்ளினார்.

"சின்ன கம்பெனில சொல்லிக் குடுக்கற விதம் நல்லாருக்குப்பா."

"பள்ளிக்கூடத்துக்கா போற? வேலைக்குப் போற. கம்பெனி நாளைக்கும் இருக்கணும். அதத்தான் மொதல்ல பாக்கணும்."

அவர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருந்தது. அவளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது அவர் வேலை பார்த்த தனியார் பஸ் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள் என்று வீட்டில் சொல்வார்கள். அதற்கப்புறம் இரண்டு வருஷம் வேலை இல்லை. அந்த இரண்டு வருஷத்தில் அவளுக்கு நினைவிருப்பது ஒன்றே ஒன்றுதான். காலை ஆறு மணிக்கே குளித்து, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, போக ஓர் இடமில்லாமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பா.

ஆனாலும் அவளால் அந்தப் பெரிய நிறுவனத்தின் தேர்வு அறையை மறக்க முடியவில்லை. சிமுலேட்டர் என்பது நிஜ விமானத்தின் மூக்குப் பகுதியை அப்படியே வெட்டி எடுத்து ஓர் அறைக்குள் வைத்த மாதிரி இருக்கும். உள்ளே உட்கார்ந்தால் ஓடுபாதை தெரியும், மழை தெரியும், குலுங்கவும் குலுங்கும். பின்னால் உட்கார்ந்திருந்த பரிசோதகருக்குப் பைலட்டுகள் வைத்திருந்த பெயர் 'சுத்தியல்'. விமானம் மேலே எழும்பும்போது ஓர் இன்ஜினை அணைத்துவிட்டார். அவள் சமாளித்தாள். ஒரு பொத்தானை மட்டும் நாலு விநாடி தாமதமாக அழுத்தினாள். சுத்தியல் எல்லாவற்றையும் நிறுத்தி, கையிலிருந்த பேனாவைத் தரையில் எறிந்து, "உன்னை யாரு இங்க வரச் சொன்னது?" என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, தேர்வுக்கு வந்த இன்னொருவன் குனிந்த தலை நிமிரவில்லை. அவள் தேறிவிட்டாள் என்று பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. தேறியவர்களிடமும் அவர் அதையேதான் கேட்பாராம்.

சின்னக் கம்பெனியில் பரிசோதகர் ஒரு பெண்மணி. பயிற்சி மேடம் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். தொண்டை கட்டினாற்போன்ற குரல். அங்கே அவள் அதைவிட மோசமாக ஓட்டினாள். பயிற்சி மேடம் விளக்கைப் போட்டுவிட்டு, "எந்த எடத்துல கைய விட்டுப் போச்சுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். சொன்னாள். "சரியாச் சொன்னீங்க. இன்னொரு தடவ பண்ணலாமா?" மூன்று தடவை பண்ணினார்கள். வெளியே வரும்போது நடைபாதைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அந்தக் கம்பெனியின் மூத்த கேப்டன் ஒருவர், போன வாரம் தான் எரிபொருள் கணக்கில் செய்த பிழையைத் தன் கையெழுத்திலேயே எழுதி, கீழே பெயரும் போட்டிருந்தார். யாரோ அதன் ஓரத்தில் 'நன்றி, நானும் கவனிக்கிறேன்' என்று எழுதியிருந்தார்கள்.

இதை அப்பாவிடம் சொன்னாள். "தப்ப எழுதி வெச்சா அங்க யாரும் திட்ட மாட்டாங்கப்பா. தட்டிக் குடுக்கறாங்க."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

"உங்கப்பா முடிவச் சொல்லிட்டாரு" என்றாள் அம்மா. அம்மா வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துத் துணி தைப்பவள். பெடலை மிதித்துக்கொண்டே பேசுவாள், பேசிக்கொண்டே மிதிப்பாள். "நீ உன் முடிவச் சொல்லு. ரெண்டு பேரும் ஒரே மாதிரி பிடிவாதம். நடுவுல நான் ஒருத்தி, யாரு பக்கம் தலையாட்டறதுன்னு கழுத்தே வலிக்குது."

அவள் சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். அப்பா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் முதல் நாள் அவளுடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, தோளில் பட்டையை நேராக மாட்டி, கதவுக் கொக்கியில் தொங்கவிட்டிருந்தவர் அவர்தான்.

அங்கே இருந்த ஐந்து வருஷங்களைப் பற்றி அவள் அதிகம் பேசமாட்டாள். நன்றாக இருந்த காலத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? ஒருமுறை விமானத்தைத் தொப்பென்று இறக்கிவிட்டாள். பின்சீட்டில் ஒரு பெரியவரின் பல்செட் கழன்று விழுந்துவிட்டது. அறிக்கையில் பல்செட் உட்பட எல்லாவற்றையும் எழுதினாள். மறுநாள் பயிற்சி மேடம் கூப்பிட்டு, சிரிப்பை அடக்கமுடியாமல், "பல்செட்டுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டுவிட்டு, காற்று வீசிய திசையைப் படம் போட்டு விளக்கினார். அவ்வளவுதான்.

மூன்றாவது வருஷம் அப்பா ஒரு பயணியாக அவள் விமானத்தில் வந்தார். ஜன்னலோர இருக்கை. ஒன்றேகால் மணி நேரமும் இறக்கையையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு வந்தார் என்று பணிப்பெண் சொன்னாள். காபி கொடுத்ததைக்கூடத் தொடவில்லை. இறங்கியதும் அவளிடம் வந்து, "பிரேக் நல்லாப் போடற" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டை யாரும் கேட்டதில்லை.

கேப்டன் பதவிக்கான கடைசித் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு புதன்கிழமை காலை, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. இன்று முதல் எல்லா விமானங்களும் ரத்து. யாரும் வேலைக்கு வரவேண்டாம். இரண்டே வரி. ஒரு லேஸைக் கட்டி, மற்றதைக் கட்டாமல் அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

பயிற்சி மையத்துக்குப் போய்ப் பார்த்தாள். பயிற்சி மேடம் தன் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார். "உங்கள கேப்டனாக்கிட்டு மூடியிருக்கலாம்" என்றார் அந்தக் கரகரத்த குரலில். "இன்னும் மூணே மூணு வாரம்." அவருக்கு ஐம்பத்தேழு வயது. இனி யாரும் வேலைக்கு எடுக்கமாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும். சுவரில் ஒட்டியிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்தார். எங்கே கொண்டுபோகப் போகிறார் என்று அவள் கேட்கவில்லை.

அதே வருஷம் அப்பாவும் ஓய்வு பெற்றார். இருபத்து மூன்று வருஷம் ஒரு விபத்துகூட இல்லாமல் ஓட்டியதற்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். அம்மா அதைச் சுவரில் மாட்ட ஆணி அடித்தாள். அப்பா ஆணியைப் பிடுங்கிவிட்டார். பதக்கம் துணி அலமாரிக்குள் போனது. வேலையில்லாத மகளும் வேலை முடிந்த அப்பாவும் ஒன்றரை வருஷம் ஒரே வீட்டுக்குள் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் நடந்தார்கள். 'அன்னைக்கே சொன்னேனே' என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. அவருக்கும் சேர்த்து அம்மாதான் தினமும் சொன்னாள்.

கடைசியில் அவள் பெரிய நிறுவனத்துக்கே விண்ணப்பித்தாள். எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஐந்து வருஷ அனுபவம் அங்கே செல்லுபடியாகவில்லை. பணிமூப்புப் பட்டியலில் கடைசிப் பெயர் அவளுடையது. அவளைவிட ஆறு வயது சின்னவர்கள் அவளுக்கு மேலே இருந்தார்கள். சுத்தியல் இப்போது பயிற்சித் துறைக்கே தலைவர்.

அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. கேன்டீனில் சிரித்துப் பேசுவார்கள், பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார்கள். காக்பிட் கதவு மூடியதும் மூச்சுச் சத்தம்தான் கேட்கும். கேட்டால் ஒழியப் பேசக்கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவளும் கற்றுக்கொண்டாள். மூன்று வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு, மாதச் சம்பளத்தையும் அப்பாவின் இதய மாத்திரைகளுக்கான கம்பெனி மருத்துவக் காப்பீட்டையும் நினைத்துக்கொண்டு ஓட்டினாள்.

பிறகு ஒரு மத்தியானம். மழை. கேப்டன் ஓட்டுகிறார், அவள் பக்கத்தில் கருவிகளைக் கவனிக்கிறாள். ஆயிரம் அடிக்குக் கீழே வரும்போது வேகமும் பாதையும் சரியாக அமைந்திருக்க வேண்டும். அமையாவிட்டால் இறங்காமல் மேலே ஏறிச் சுற்றி வந்துவிட வேண்டும். அதற்கு 'கோ அரவுண்ட்' என்று பெயர். அன்று வேகம் அதிகம், உயரமும் அதிகம்.

"வேகம் அதிகம், சார்" என்றாள்.

"தெரியும்."

ஆயிரம் அடியில் "கோ அரவுண்ட்" என்றாள். பதில் இல்லை. ஐந்நூறு அடியில் மறுபடி சொன்னாள். அவர் கண்ணாடிக்கு வெளியே எதையோ இறுகப் பிடித்துக்கொண்டவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடுபாதை தண்ணீரில் பளபளத்தது. முந்நூறு அடியில் அவள் கை, அவர் கைமேல் போய் விழுந்தது. "கன்ட்ரோல் என்கிட்ட" என்று சொல்லி இன்ஜின்களை முழுவேகத்துக்குத் தள்ளினாள். விமானம் உறுமிக்கொண்டு மேலே ஏறியது. பத்து நிமிஷம் சுற்றிவந்து அலுங்காமல் இறக்கினாள். நூற்று அறுபது பேர் குடையைத் தேடிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

எல்லாரும் போனபின் கேப்டன் தொப்பியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். "ரிட்டயராக இன்னும் எட்டே மாசம்மா எனக்கு" என்றார். "எட்டு மாசத்துல நானே போயிருப்பேன். ஏம்மா இப்படிப் பண்ண?" அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை உலுக்கிவிட்டது.

விசாரணை முடியும்வரை அவள் பறக்கக்கூடாது என்றார்கள். விசாரணைக் குழுவுக்குச் சுத்தியல் தலைவர்.

நாலு மாதம் வீட்டில் இருந்தாள். அதற்குள் அப்பாவுக்கு இதயம் மிகவும் பலவீனப்பட்டுவிட்டது. காலில் நீர் கோத்து, பாதம் இரண்டும் தலையணை மாதிரி வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் பகலும் இரவும் ஜன்னலோரம் நாற்காலியிலேயே இருந்தார். குனியமுடியாத அவருக்கு அவள்தான் கால் நகம் வெட்டிவிடுவாள். அப்படி வெட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"உனக்கு அஞ்சு வயசுல கம்பெனிய மூடிட்டாங்கன்னு சொன்னோம்ல. மூடல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பிரேக் சரியில்லாத வண்டிய எடுக்கமாட்டேன்னேன். அப்ப நீ எந்த வண்டியையும் எடுக்கவேணாம், வீட்டுக்குப் போன்னுட்டாங்க. ரெண்டு வருஷம் எவனும் வேலை குடுக்கல. எடக்கு பண்றவன்னு பேர் வாங்கியாச்சு."

"நல்லதுதானப்பா பண்ணீங்க?"

"அது நல்லதுதான்." மூச்சு வாங்கினார். "அப்பறம் பண்ணத சொல்ல வர்றேன். அரசாங்க டிப்போவுல ஒரு வண்டி. மழைன்னா பிரேக் ஒரு பக்கமா இழுக்கும். சாயங்காலம் வண்டிய விடறப்ப நோட்டுல எழுதணும். பேனாவ எடுத்தேன் பாப்பா. உன்ன அப்பத்தான் இங்கிலீஷ் ஸ்கூல்ல சேத்திருந்தோம். மறுபடியும் எடக்கு பண்றான்னு சொல்லிட்டா? பேனாவ மூடி வெச்சுட்டேன். மறுநாள் எனக்கு லீவு. அந்த வண்டிய எடுத்தது மீசை மாமா."

அவளுக்கு மீசை மாமாவைத் தெரியும். அப்பாவோடு வேலை பார்த்தவர். அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு பஸ் மாதிரி ஹார்ன் அடித்துக்கொண்டு ஓடுவார். பாலத்து வளைவில் பஸ் கவிழ்ந்து அவர் செத்துப்போனதும், அன்றிலிருந்து அப்பா பல நாள் யாரோடும் பேசாமல் இருந்ததும் நினைவிருந்தன. காரணம் இன்றுதான் தெரிந்தது.

"டிப்போவுக்குத் திரும்பற காலி வண்டி. அதனால அவன் மட்டும்தான்" என்றார். "ஒரு வரி எழுதியிருந்தா அந்த வண்டி அன்னைக்கி ஷெட்டுல நின்னிருக்கும். எனக்கு பதக்கம் குடுத்தாங்க, விபத்தே பண்ணாதவன்னு."

விட்ட இடத்திலிருந்து அவள் மறுபடி நகத்தை வெட்டினாள்.

"நீ சின்ன கம்பெனிக்குப் போனப்ப ஒரு மாசம் பேசாம இருந்தேன். கோவம்னு நெனச்சிருப்ப. கோவம் இல்ல. எழுதி வெச்சா தட்டிக் குடுக்கற எடம்னு ஒண்ணு இருக்குன்னு சொன்னியா, எனக்கு அவன் மூஞ்சி வந்து நின்னுடுச்சு." பிறகு, "உன்ன மறுபடி ஓட்ட விடுவாங்களா?" என்று கேட்டார்.

"விடுவாங்கப்பா."

"விடலன்னாலும் பரவால்ல" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை, அம்மா டீயோடு வந்தபோது அவர் நாற்காலியிலேயே போய்விட்டிருந்தார். பதினோரு நாள் கழித்துக் கடிதம் வந்தது. மூன்று வரி. விமானத்தின் பதிவுக் கருவியை ஆராய்ந்ததில் அவள் செய்தது விதிப்படி சரியே. எனினும் மூத்தவரிடம் நடந்துகொண்ட முறையில் இனிமேல் மரியாதை தேவை. மறுநாள் முதல் பணிக்கு வரலாம்.

"என்ன போட்டிருக்கான்?" என்றாள் அம்மா. தையல் மிஷின் ஓடவில்லை.

"வேலைக்கு வரச் சொல்றாங்கம்மா."

"இத பதினோரு நாள் முன்னாடி போட்டா அவனுக்கு கையா ஒடிஞ்சிடும்?" என்று சொல்லி அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் போனாள். வேறு எங்கே போவது? ஒன்பது வருஷம் ஓடியது. கேப்டனானாள், நாற்பத்து மூன்று வயதில். தன்னோடு பறக்கவரும் எல்லாத் துணை விமானிகளிடமும், வயதில் எவ்வளவு சின்னவர்களானாலும், 'நீங்க' என்றே பேசினாள். "நான் தப்புப் பண்ணா ஒடனே சொல்லுங்க" என்று ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதமே ஆன ஒரு துணை விமானி. கூச்ச சுபாவம், வீட்டில் கைக்குழந்தை. அவனோடு மேலே ஏறிக்கொண்டிருந்தபோது, எட்டாயிரம் அடியில் நிற்குமாறு கட்டுப்பாட்டு அறை சொன்னது. அவள் ஏதோ நினைப்பில் ஒன்பதாயிரம் என்று கருவியில் திருப்பிவிட்டாள். எட்டாயிரத்து முந்நூறைத் தாண்டும்போது கீழேயிருந்து எச்சரித்தார்கள். உடனே சரிசெய்தாள். பக்கத்தில் வேறு விமானம் இல்லை.

"நான் தப்பாத் திருப்பினத நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

அவன் தயங்கினான். "பாத்தேன் மேடம்."

"ஏன் சொல்லல?"

"நீங்க காரணத்தோடதான் பண்றீங்கன்னு நெனச்சேன்." பிறகு, "பயமாவும் இருந்துச்சு மேடம்" என்றான்.

அன்று மாலையே அவள் அறிக்கை எழுதினாள். தன் பிழை, தன் கவனக்குறைவு. துணை விமானி பேசத் தயங்கியதையும் எழுதினாள், பயிற்சியில் இதைப் பற்றிப் பேசவேண்டும் என்ற நல்ல எண்ணத்தில். 'இது அவருடைய குற்றமல்ல' என்று அடிக்கோடும் போட்டாள்.

பத்தாம் நாள் அவளுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது, நேர்மைக்காக. அவனுக்கு வேலை இன்னும் உறுதியாகாத காலம். பார்த்தும் சொல்லாதது பெரும் தவறு என்று அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பயிற்சித் துறைக்கு ஓடினாள். சுத்தியல் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய நாற்காலியில் இருந்தவர் சாந்தமான மனிதர், அவளுக்குக் காபி வரவழைத்தார். "நீங்கதான மேடம் எழுதினீங்க?" என்றார். "எழுதினத வெச்சுத்தான நாங்க முடிவெடுக்க முடியும்?" அவள் ஒரு மணி நேரம் வாதாடினாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எதுவும் மாறவில்லை.

ஊழியர் அறையில் அவன் தன் பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தான். ஷூ பாலீஷ், ஒரு குடை, குழந்தையின் படம். அவளைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்து நின்றான்.

"நீங்க எழுதாம இருந்திருக்கலாமே மேடம்" என்றான். குறையாகக்கூடச் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டான். வேறு கம்பெனிகளில் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னாள். விசாரிக்கவும் செய்தாள். நாலைந்து பேருக்குப் போன் போட்டாள். எதுவும் கூடிவரவில்லை. அவன் இப்போது என்ன செய்கிறான் என்று அவளுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகும் அவள் எழுதுகிறாள். தன்னைப் பற்றி மட்டும் என்றால் தயக்கமே இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்தவர் பெயரும் அதில் வருமென்றால், அவர் சேர்ந்து எத்தனை மாதமாயிற்று, வேலை உறுதியாகிவிட்டதா என்று முதலில் விசாரித்துக்கொள்கிறாள். சில தாள்கள் எழுதி முடித்தபிறகும் அவளுடைய பைக்குள்ளேயே இருந்துவிடுகின்றன.